இரண்டு தம்ளர் செம்மண் தண்ணீர்

என் பிரியமுள்ள மச்சான் முனியாண்டிக்கு,

நேற்றும் நம் ஊர் லூபோக் சீனாவில் ஆறு பொங்கி வீட்டுக்குள் வந்தது. வடிந்ததும் உன் தங்கை சரசு வாசற்படியைக் கழுவினாள். "எங்கண்ணன் போயும் அவரு தோட்டத்து மண்ணு நம்மள விடல பாருங்க," என்று சிரித்தாள். நான் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஆறு தூர்ந்து பொங்குவது உன் தோட்டத்து மண்ணால்தான் என்று கோயில் மண்டபத்தில் நான் செய்துகாட்டியது உனக்கு மறந்திருக்காது. ஒரு கண்ணாடித் தம்ளரில் ஆற்றுத் தண்ணீர். இன்னொன்றில் உன் வெண்டைத் தோட்டத்து மண்ணைக் கரைத்த தண்ணீர். இரண்டும் ஒரே சிவப்பு. "வாத்தியாரே காட்டிட்டாருலா, அப்புறம் என்ன?" என்றார்கள் ஊரார். "மச்சான், இந்தப் பக்கம் எந்த மண்ணு சிவப்பு இல்ல?" என்று நீ கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை. மறுவாரமே நீ மண்வெட்டியைக் கழுவி மாட்டிவிட்டாய். அதன் பிறகும் ஆறு கலங்கலாகத்தான் ஓடியது. அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லையே?

நீ கண்மூடிய பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வந்தார். ஆற்றின் வண்டல், ஆற்றங்கரை, உன் தோட்டம், எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட என் மேடு, எல்லா இடத்திலும் மண் எடுத்தார். அவர் விளக்கியதை என் வகுப்பறைப் பாணியில் சொல்கிறேன். பன்னின் மேலே சீனி தூவியிருக்கும். அடியில் வெட்டிய துண்டில் இருக்காது. அந்தக் காலத்து அணுகுண்டுச் சோதனைத் தூசும் அப்படித்தானாம். மழையோடு இறங்கி மேல்மண்ணில் ஒட்டிக்கொண்டது. நீ கொத்தியது மேல்மண். ஆற்று வண்டலில் அந்தத் தடயம் மிகக் குறைவு.

"சார், இதுல பெரும்பகுதி ஆழத்து மண்ணு. கரை மண்ணோட சேரல. உங்க மேட்டோடதான் சேருது," என்றார்.

நீ வெண்டை போட்ட அதே ஆண்டு, மறுநடவுக்காக மேட்டை ஆளுயரத்துக்குப் படிப்படியாக வெட்டச் சொன்னவன் நான்தான், மச்சான்.

மூன்று வாரமாக அவர் தந்த அறிக்கை அலமாரியில், என் வேட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. வெளியே போனால் "சார்" என்று கும்பிடுகிறார்கள். உள்ளே வந்தால் சரசு. சொன்னால் அவள் என் முகத்தில் விழிப்பாளா? சொல்லாவிட்டால் நான் எங்கே போய் உட்காருவேன்?

இன்று மாலை, அடுத்த மழைக்கு முன், அவளிடம் சொல்லிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அதே மண்டபத்தில் மூன்று தம்ளர் வைப்பேன். மூன்றாவதில் என் மேட்டு மண். அதுவும் சிவப்பாகத்தான் இருக்கும். நீ கேட்ட கேள்வியை உரக்கக் கேட்டுவிட்டு, அறிக்கையைப் படிப்பேன்.

உனக்கு அன்றே பதில் சொல்லியிருக்க வேண்டிய,
உன் தங்கை வீட்டுக்காரன்,
சிவலிங்கம்