இடது கையில் பொத்தான் வைத்த ஸ்வெட்டர்

சேலையூர்,
ஜூன் 14

அன்புள்ள கிறிஸ்டி அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையில் நீ சுகமாயிருப்பாய் என்று நம்பி மெட்டில்டா எழுதுவது. உனக்குக் காது மந்தமானதிலிருந்து நான் போனில் கத்துவது கோத்தகிரிக்குக் கேட்கிறதோ இல்லையோ, எதிர் ஃப்ளாட்டுக்கு நன்றாகக் கேட்கிறது. இதில் எழுதப்போவது என் வீட்டுக்காரர் காதில் விழவும் கூடாது. அதனால் காகிதம்.

நீ உன் கையால் நூற்ற கம்பளி நூல் நேற்று வந்தது. ஏழு சிட்டம். கோபித்துக்கொள்ளாதே, பார்சலைப் பிரித்ததும் எனக்குக் குமட்டிவிட்டது. நனைந்த ஆடு ஒன்று ஹாலில் வந்து படுத்த மாதிரி வாடை. இழைக்குள் சருகு, முள், ஓரிடத்தில் புழுக்கைத் துணுக்குகூட. பக்கெட்டில் ஊறப்போட்டேன்; தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வந்தது. கையில் ஒட்டிய பிசுக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தக் கையால் சோறு பிசைய மனம் வராமல் ஸ்பூனால் சாப்பிட்டேன்.

ஆனாலும் பின்னத்தான் போகிறேன். வாரத்துக்கு மூன்று நாள், நான்கு நான்கு மணி நேரம், அவர் டயாலிசிஸ் கட்டிலில் கிடக்கிறார். ரத்தம் வெளியே போய் மெஷினைச் சுற்றித் திரும்பும்போது உடம்பு நடுங்குகிறது. தலைக்கு மேலே ஏசி வேறு. கடை ஸ்வெட்டர் போட்டால் ஊசி குத்துகிற இடது கையைத் தோள்வரை சுருட்ட வேண்டும்; சுருட்டினால் கை விறைத்துப்போகிறது. அதனால் முன்பக்கம் திறக்கிற கார்டிகனாக, இடது கையும் மணிக்கட்டிலிருந்து தோள்வரை பொத்தான் வைத்துத் திறக்கிற மாதிரி பின்னப்போகிறேன். இது எந்தக் கடையிலும் கிடைக்காது.

நூலின் வாடையை உன்னிடம் சொல்லிவிட்டேன். அவருடைய வாடையை யாரிடம் சொல்வது? சிறுநீரகம் நின்றபின் அழுக்கெல்லாம் மூச்சில் வருகிறது. மூத்திரமும் துருவும் கலந்த ஒரு நெடி. தலையணை உறை முழுக்கத் தோல் செதில். முப்பத்திரண்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவள், முழங்கால் வலிக்கு ஹால் திவான்தான் சௌகரியம் என்று பொய் சொல்லி வெளியே வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு நல்ல சமாரியன் கதை சொல்லிக்கொடுக்கிறவள் நான்.

உன் தங்கை,
மெட்டில்டா

சேலையூர்,
ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்கா,

உன் பதில் கிடைத்தது. அருவருப்பு பாவமில்லை என்று எழுதியிருந்தாய். நீ இங்கே இல்லை, அதனால் சொல்கிறாய்.

முதுகும் முன்பக்கமும் முடிந்தன. புழுக்கத்தில் கம்பளியை மடியில் போட்டுப் பின்னுவது போல ஒரு தண்டனை கிடையாது. கழுத்தெல்லாம் மயிர் ஒட்டி வேர்க்குரு. நீ நூற்றது ஓரிடத்தில் கயிறு, ஓரிடத்தில் நூலாம்படை. வைதுகொண்டேதான் பின்னுகிறேன்.

போன சனிக்கிழமை ஊரப்பாக்கத்திலிருந்து அவர் தம்பி ஜெஃப்ரி வந்தான். அண்ணன் இருந்த அறை வாசலைத் தாண்டவில்லை. கர்ச்சீப்பை மூக்கிலிருந்து எடுக்கவில்லை. காபி வேண்டாம், தண்ணீரும் வேண்டாம் என்றான். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே, “அண்ணி, ஒரு ஆள் போட்டுக்கலாமே, நீங்க எப்படித்தான் இதுக்குள்ள இருக்கீங்க” என்றான். அவர்கள் அப்பா இறந்தபின் அவனைப் படிக்கவைத்தவர் இவர். எனக்கு அவன் முகத்தைப் பார்க்கவே கூசியது. லிஃப்ட் வரை போய், இனி வரவேண்டாம், போன் பண்ணினால் போதும் என்று சொல்லி அனுப்பினேன்.

திரும்பி வந்து, அவன் குணம் தெரிந்ததுதானே, விடுங்கள் என்று அவருக்கு ஆறுதல் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே, “அவனாவது நேரா மூக்கை மூடினான். நீ மூச்சைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறே, மெட்டி” என்றார்.

குரலில் கோபமே இல்லை, அக்கா. இருந்திருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். வெளியே வந்து பின்னல் ஊசிகளை எடுத்தேன். எத்தனை கண்ணி விட்டேன் என்று தெரியவில்லை. ஆரம்பித்திருந்த இடது கையை முழுவதும் பிரித்துப்போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

மெட்டில்டா

சேலையூர்,
அக்டோபர் 27

அன்புள்ள அக்கா,

ஸ்வெட்டர் முடிந்தது. செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்கு முதல் தடவையாகப் போட்டுக்கொண்டு போனார். காந்திமதி சிஸ்டர் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் திறந்து, “ஏசுதாசன் சார், மத்த பேஷன்டெல்லாம் பொறாமைப்படப் போறாங்க” என்றாள். நான்கு மணி நேரமும் அவர் நடுங்கவில்லை. தூங்கினார்.

திரும்பும்போது கேம்ப் ரோடு சிக்னலில் ஆட்டோ நின்றது. என் முழங்கையில் ஏதோ சூடாகப் பட்டது. பார்த்தால் ஊசி குத்திய இடம் திறந்து ரத்தம் கம்பளிக்குள் ஊறிக்கொண்டிருக்கிறது. பொத்தான்களைப் பிய்த்துத் திறந்து கட்டைவிரலால் அழுத்தினேன். விரலுக்கடியில் துடிக்கிறது. ரத்த நெடி, ஆட்டு வாடை, அவர் மூச்சு, எல்லாம் ஒன்றாக முகத்தில் அடித்தது. ஆட்டோவுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். பக்கத்தில் பைக்கில் இருந்தவர் திட்டினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “யம்மா, கைய மட்டும் எட்த்துராத. அப்டியே அமுக்கிப் புடி. திருப்பிக்கினு போறேன்” என்றார்.

இருபது நிமிஷம். இரண்டு முறை வாந்தி எடுத்தேன். கையை எடுக்கவில்லை. உள்ளே கொண்டுபோய் சிஸ்டர் என் விரலை விலக்கிக் கட்டுப்போட்ட பிறகுதான் என் புடவையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவர் காலடியில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். எனக்கு அருவருப்பாக இருக்கிறது, ஆறு மாதமாக அப்படித்தான், முழங்கால் வலி பொய், ஜெபித்தும் போகவில்லை என்று எல்லாவற்றையும். அவர் கட்டுப்போட்ட கையை மெதுவாக மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, “எனக்கே என்னைத் தாங்கலை. உனக்கு மட்டும் எப்படித் தாங்கும். ஜன்னலைத் திறந்து வச்சுட்டுப் பக்கத்துல படு” என்றார்.

இப்போது மாஸ்க் போட்டுக்கொண்டு அவருக்கு முதுகு தேய்க்கிறேன். குமட்டினால் சொல்லிவிட்டு எழுந்து போகிறேன், திரும்பி வருகிறேன். திவானில் துணி மடித்து வைத்திருக்கிறேன். அருவருப்பு போய்விட்டது என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஸ்வெட்டரைப் பச்சைத் தண்ணீரில் மூன்று தடவை அலசினேன். கையில் பழுப்பாக ஒரு கறை நிற்கிறது. அதையேதான் வியாழக்கிழமையும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் இப்போதெல்லாம் அவரை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டுப் பேசுகிறார். கிறிஸ்துமசுக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். மலையில் மழை விட்டதும் கிளம்பிவிடு அக்கா, நவம்பரிலேயே. அவரிடம், சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கர்த்தர் உன் பிரயாணத்தைக் காப்பாராக.

உன்னை எதிர்பார்த்திருக்கும் தங்கை,
மெட்டில்டா