பூஜையில் வைத்த பெட்டி

புரட்டாசி 12, ஞாயிறு

காலையிலிருந்தே புழுக்கம். மின்சாரம் போய்ப் போய் வருகிறது. யூ.பி.எஸ் கத்திக்கொண்டே இருந்ததால் கம்ப்யூட்டரை அணைத்து, பெட்டியின் மூடியைக் கழற்றித் தூசி தட்டினேன். ஃபேன் இறக்கையில் பஞ்சுபோல அழுக்கு. பழைய பெயின்ட் பிரஷ் போதும். அவர் பார்த்துவிட்டு, மீன் கழுவுகிற மாதிரி கழுவுகிறாயே என்றார். புரட்டாசி பிறந்தால் என் வீட்டுக்காரருக்கு எதைப் பார்த்தாலும் மீன்தான்.

"நம்ம பெட்டி" என்ற கம்ப்யூட்டர் உதவித் தளத்தில் இன்று கண்காணிப்பு என் முறை. மாடரேட்டர் மூன்று பேர். தளத்தைத் தொடங்கிய கோபி சார், லாஸ்பேட்டை. பாரீஸ் பக்கம் இருக்கும் சொல்தா அண்ணன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். மூன்றாவது நான். வந்தவை:

– முடி வளரும் எண்ணெய் விளம்பரம். நீக்கினேன்.
– விண்டோஸா லினக்ஸா சண்டை, மறுபடியும். பூட்டினேன்.
– கதிர்காமம் செல்வி என்று ஒரு பெண். வீட்டில் டைப்பிங் வேலை. மருத்துவக் கல்லூரிக்கு எதிர்த்தெரு, பூக்கடை மாடி, வேலை இருந்தால் கொடுங்கள் என்று சேர்ந்த அன்றே எழுதியிருந்தாள். இப்போது கம்ப்யூட்டர் ஏறவில்லையாம். கறுப்புத் திரையில் டிஸ்க் இல்லை என்று வருகிறதாம். நர்சிங் மேல்படிப்புப் பெண் ஒருத்தியின் ஆய்வேடு முழுக்க அதில்தான். அடுத்த வாரம் திங்கட்கிழமை கல்லூரியில் கொடுக்க வேண்டும்.

அதற்கு "சூறாவளி" பதில். இவர் எல்லாக் கேள்விக்கும் முதலில் வந்து நிற்பவர். "பென்டிரைவ் போடு, எல்லா பார்டிஷனையும் அழி, புதுசா ஃபார்மட் போடு, பத்து நிமிஷ வேலை." வேறெங்காவது காப்பி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பதிலை நீக்கினேன். செல்வியைக் கேட்டு எழுதினேன்: பேக்கப் இருக்கிறதா? உள்ளே கேபிள் தளர்ந்திருக்கிறதா? எதையும் அழிக்காதே.

பதில் இல்லை.

மாடரேட்டர் வேலை வாசல் கூட்டுகிற மாதிரி. கூட்டினால் யார் கண்ணிலும் படாது. கூட்டாவிட்டால் தெருவே பேசும்.

புரட்டாசி 13, திங்கள்

மேகம், மழை இல்லை. சுண்டலுக்குக் கடலை ஊறப் போட்டேன்.

நினைத்தது நடந்தது. சூறாவளி தனியே ஒரு விவாதத் திரி தொடங்கி, இந்தத் தளம் டீச்சரம்மா வகுப்பாகிவிட்டது, கை கட்டி வாய் பொத்தித்தான் பதில் சொல்ல வேண்டும் போல என்று எழுதியிருக்கிறார். கீழே சிரிப்பு பொம்மைகள். தெரிந்த பெயர்கள்கூட.

குளிக்கப் போகும் நேரத்தில் கோபி சார் போன். மனிதர் குரலை உயர்த்தவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். சூறாவளி இல்லாவிட்டால் பாதிக் கேள்விக்குப் பதிலே வராது, அவர் சொன்னதில் தப்பான தகவல் ஒன்றுமில்லை, கேள்வி கேட்டது சரி, நீக்கியது சரியில்லை என்றார். கடைசியில்:

"திரும்பப் போட்டுடுங்கம்மா. படிக்கிறவங்க குழந்தைங்க இல்ல. நாம வாட்ச்மேன்தான், வீட்டுக்காரங்க இல்ல."

யோசிக்கிறேன் சார் என்றேன். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? பத்தாவதோடு நின்றவள். புத்தகத்தைப் பார்த்தும் பெட்டியைக் கெடுத்தும் கற்றது. சேர்த்துக்கொண்டதே அவர்தான். ஆனாலும் சமைக்கும்போது முழுக்க அந்தப் பெண் ஞாபகம். புளிக்குழம்பில் உப்பு இரண்டு தரம்.

சொல்தா அண்ணனிடம் கேட்டேன். "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கும்மா" என்று எழுதினார். நழுவுகிறார்.

புரட்டாசி 14, செவ்வாய்

விடியலில் தூறல், பிறகு வெயில். தெருமுனைப் பிள்ளையாருக்கு அருகம்புல். நல்ல வழி காட்டு என்று வேண்டினேன். எது நல்ல வழி என்று எனக்கே தெரியாமல் வேண்டுவது.

செல்வியிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஒருவேளை சரியாகிவிட்டதோ. நாளை ஆயுத பூஜை. சண்டையை வைத்துக்கொண்டு சாமி கும்பிடுவதா என்றும் இருந்தது. ராகு காலம் முடிந்ததும் சூறாவளியின் பதிலைத் திரும்பப் போட்டேன். ஒரு பொத்தான்தான். கோபி சார் உடனே கும்பிடும் கைகள் அனுப்பினார். சூறாவளி "டீச்சரம்மாவுக்கு நன்றி" என்றார்.

என் கேள்வி அவர் பதிலுக்குக் கீழே போய்விட்டது. இதை நான் யோசிக்கவில்லை. மேலே இருப்பதைத்தான் எல்லோரும் செய்வார்கள்.

வாங்கியவை: பொரி, பொட்டுக்கடலை, வெல்லம், வாழைக்கன்று இரண்டு, பூசணி ஒன்று, கதம்பம் நாலு முழம். விலை கணக்கு நோட்டில். கதம்பம் அநியாயம்.

புரட்டாசி 15, புதன். ஆயுத பூஜை

வெயில். தெரு முழுக்கப் பூசணிக்காய், குங்குமம். ஸ்கூட்டர்க்காரர்கள் எல்லாம் பூனை மாதிரி போகிறார்கள்.

நல்ல நேரத்தில் எல்லாம் வைத்தாயிற்று: பெட்டி, கீபோர்டு, திருகாணி செட், கணக்கு நோட்டு, அவருடைய ஸ்பேனர்கள், என் போன். சந்தனத்தைப் பெட்டியின் பக்கவாட்டில் மட்டும் வைத்தேன், காற்று போகும் ஓட்டை பக்கம் கூடாது. ரௌட்டருக்கும் ஒரு பொட்டு. அவர், "சாமி நெட்டுலயா வரப்போவுது?" என்றார். போன வருடம் போனை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு நாள் முழுக்க நோண்டினேன். மனசு உறுத்தியது. இந்த வருடம் அதுவும் உள்ளே. நாளைக் காலை மறுபூஜை முடியும் வரை தொடக்கூடாது.

சாப்பிட்டு முடித்தும் கை பரபரத்தது. அவர் தூங்கும்போது அவர் போனில் தளத்தைத் திறந்தேன். படிக்க மட்டும்தான் முடியும். எழுத வேண்டுமானால் உள்ளே நுழைய என் போனுக்கு ஓ.டி.பி எண் வரவேண்டும்.

செல்வி காலையில் எழுதியிருக்கிறாள்:

"நன்றி அண்ணா. நீங்க சொன்னபடி எல்லாத்தையும் அழிச்சிட்டு புதுசா போட்டுட்டு இருக்கேன். செத்த பெட்டிக்குப் பொட்டு வெக்கக்கூடாதுன்னு அவசரம். பழைய ஃபைல் எல்லாம் தானா வந்துடும் இல்ல?"

கீழே பதில் ஏதும் இல்லை. எல்லோரும் பொரி கொறித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பூஜை அறை வாசலில் நின்றேன். போன் அங்கேதான் இருக்கிறது, கதம்பத்துக்குக் கீழே. கை போகவில்லை. அதைத் தொடுவதைவிடக் கதிர்காமம் போவது சுலபமாக இருந்தது. அவரை எழுப்பிச் சொன்னேன். திட்டினார். யார் என்றே தெரியாத பெண்ணுக்காகப் பண்டிகை நாளில் வண்டி எடுக்கச் சொல்கிறாயே என்றார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டார். வாழை இலை கட்டிய ஸ்கூட்டரிலேயே போனோம்.

பூக்கடை மாடியைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. செல்விக்கு என் மகள் வயதிருக்கும். கழுத்தில் மஞ்சள் கயிறு, கையில் சுண்டல் கிண்ணம். தளத்திலிருந்து வருகிறேன் என்றதும் நம்பவில்லை. தளத்தில் எல்லோரும் ஆம்பளை என்று நினைத்தாளாம்.

அவள் கம்ப்யூட்டரும் பூஜையில்தான். பொட்டு, பூ, மேலே ஒரு எலுமிச்சம்பழம்.

"முழுசாப் போட்டு முடிச்சிட்டியாம்மா?"

"இல்லக்கா. ஃபைல் காப்பி ஆவுதுன்னு கொஞ்ச நேரம் ஓடுச்சி. நல்ல நேரம் போயிடும்னு ஆஃப் பண்ணிட்டேன். நாளைக்கு விடிகாலைல மறுபடியும் போட்டுடுவேன்."

பாதியில் நின்றிருக்கிறது. மேலே எழுத எழுதத்தான் பழையது அழியும். பூஜை மட்டும் இல்லாவிட்டால் இந்நேரம் முழுக்க எழுதி முடித்திருப்பாள். பூஜை இல்லாவிட்டால் அவசரப்பட்டு அழித்திருக்கவும் மாட்டாள். எதற்குக் கும்பிடுவது, எதற்கு அழுவது, தெரியவில்லை. பழையது தானாக வராது என்று சொன்னேன். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அந்த நர்சிங் பெண்ணிடம் வேறு காப்பி இல்லையாம். கையால் எழுதிய தாள்களைத்தான் கொடுத்தாளாம், அதிலும் பாதியைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டாளாம். மூன்று மாத வேலை.

நாளை நான் வரும் வரை சுவிட்சைத் தொடாதே என்றேன்.

"நாளைக்கு விஜயதசமி அக்கா. தொழில் தொடங்கணும். ஒரு வரியாவது அடிக்கலன்னா வருஷம் பூரா எப்பிடி?"

அவர்தான் வாசலிலிருந்து, "இவ பெட்டியத் தூக்கிட்டு வர்றோம், அதுல அடிம்மா" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பெட்டி பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை.

திரும்பி வந்து அவர் போனிலிருந்தே சொல்தா அண்ணனைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டார். இந்த முறை நழுவவில்லை. "அத்தான்சியோன்மா, ஜாக்கிரதை. அந்த டிஸ்க்குல ஒரு எழுத்து எழுதக்கூடாது. மொத்தத்தையும் வேற டிஸ்க்குக்கு நகல் எடு. தேடுறத நகல்ல தேடு." பழைய சுழலும் டிஸ்க் என்றால் நம்பிக்கை உண்டு, புது மாதிரி என்றால் கஷ்டம் என்றார். எது என்று பார்க்காமல் வந்துவிட்டேன்.

முருகா.

புரட்டாசி 16, வியாழன். விஜயதசமி

இரவெல்லாம் நல்ல மழை. மறுபூஜை, கற்பூரம், பெட்டியை ஒரு அங்குலம் நகர்த்தினேன். போனை எடுத்தால் செய்திகள் வரிசையாக.

கோபி சார்: சொல்தா அண்ணன் எல்லாம் சொன்னார், வருத்தமாக இருக்கிறது, அந்தத் திரியை மொத்தமாக நீக்கிவிடுங்கள், தளத்தின் பெயர் கெடும்.

சூறாவளி, தனிச் செய்தியில்: "அந்த அம்மாவுக்கு பேக்கப் இருக்கும்னு நெனச்சிட்டேன். எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இருக்கும். என் பதிலை எடுத்துடுங்க, ப்ளீஸ்." டீச்சரம்மா இல்லை. கோபம் வரவில்லை. பாவம், அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

யாருக்கும் பதில் போடவில்லை. பழைய போர்வையில் பெட்டியைச் சுற்றி, அவர் ஓட்ட, நான் பின்னால் மடியில் வைத்துக்கொண்டேன். பூசணிச் சதை மேல் ஒரு முறை சறுக்கியது. அவரைவிடப் பெட்டியைத்தான் இறுக்கிப் பிடித்தேன். அதையும் சொல்லிக் காட்டினார்.

செல்வி குளித்து, பூ வைத்துக் காத்திருந்தாள். என் பெட்டியில் பிள்ளையார் சுழி அடித்தாள், கீழே தன் பெயர். தொழில் தொடங்கியாயிற்று. பிறகு அவள் பெட்டியின் மூடியைக் கழற்றினேன். சுழலும் டிஸ்க்தான். கேபிள் முனை தளர்ந்து, ஒரு நேரம் பட்டும் ஒரு நேரம் படாமலும் ஆடிக்கொண்டிருந்தது. முதல் நாளே ஒரு அழுத்து அழுத்தியிருந்தால் முடிந்திருக்கும். இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று தவித்தேன். கையில் விளக்கோடு பக்கத்தில் நின்றவள் தானே பார்த்துவிட்டாள்.

"இதானாக்கா?"

"இதான்."

விளக்கை இன்னும் கிட்டே பிடித்தாள்.

டிஸ்க்கை என் பெட்டியில் மாட்டி, எங்கள் வீட்டுப் போட்டோக்கள் இருக்கும் பெரிய டிஸ்க்குக்கு நகல் போட்டேன். நகல் முடியவே மத்தியானம் தாண்டியது. நடுவில் மின்சாரம் போய்விடுமோ என்று கந்த சஷ்டிக் கவசம் முணுமுணுத்தபடியே உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. தேடல் தொடங்கியதும் கோப்புகள் வர ஆரம்பித்தன. பெயர் எதற்கும் இல்லை, வெறும் எண்கள்.

புரட்டாசி 17, வெள்ளி

வெயில், ஈரம். பெட்டி இன்னும் கதிர்காமத்தில்தான். மேசையில் அதன் அடித்தடம் மட்டும். வீடு கொஞ்சம் அகலமாகத் தெரிகிறது.

அம்மனுக்கு விளக்கு போட்டுவிட்டு டெம்போ பிடித்துப் போனேன். செல்வி ஒவ்வொரு எண்ணாகத் திறந்து, முதல் வரியைப் பார்த்தே யாருடையது என்று சொல்கிறாள். இது வாடகை ஒப்பந்தம், இது கல்யாணப் பத்திரிகை, இது வக்கீல் ஐயாவுடையது. சிலது திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக. அவற்றுக்கு மட்டும் அவள் ஒன்றும் சொல்வதில்லை.

ஆய்வேடு வந்தது. நாலு அத்தியாயம் முழுசாக. ஐந்தாவதும் அட்டவணைகளும் இல்லை, அந்த இடத்தில் விண்டோஸ் எழுதிவிட்டது. நர்சிங் பெண் வந்திருந்தாள். அழுது முடித்த முகம். பக்கத்தில் நின்று ஐந்தாம் அத்தியாயத்தை ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, செல்வி அடிக்கிறாள். திங்கட்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டேன்.

"முடிச்சிதான் ஆவணும்" என்றாள் செல்வி. தலை நிமிரவில்லை.

திரி பற்றி அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் நீக்கிய பதிலைத் திரும்பப் போட்டது யார் என்பதையும் சொன்னேன். கோபி சாரும் சூறாவளியும் நீக்கச் சொல்வதையும் சொன்னேன். கை நின்றது. தண்ணீர் குடித்தாள்.

"நீங்க முதல்ல நீக்குனப்பவே நான் பாக்கல. பார்த்திருந்தா மட்டும் உங்க பேச்சக் கேட்டிருப்பேனான்னு தெரியல, அவசரம். இப்ப நீக்குனா எனக்கு என்ன வரப்போவுது? இருக்கட்டும்க்கா. அவர் சொன்னதும் இருக்கட்டும், நான் பண்ணதும் இருக்கட்டும். என்ன மாதிரி இன்னொருத்தி தேடிக்கிட்டு வருவா இல்ல."

இத்தனை நாள் மாடரேட்டர் என்றால் நீக்குவது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது என்றே இருந்தேன். திரியின் உச்சியில், சூறாவளியின் பதிலுக்கும் மேலே, அங்கிருக்கும் என் பெட்டியிலிருந்தே எழுதி ஒட்டினேன்: முதலில் கேபிளைப் பார். பேக்கப் இல்லாமல் எதையும் அழிக்காதே. கீழே உள்ளதைச் செய்த ஒருவருக்கு இழப்பு. அந்தப் பதிலை மறுபடி போட்டவள் நான்.

சூறாவளியின் பெயரை எழுதவில்லை. அதுதான் கீழேயே இருக்கிறதே.

ஒட்டிவிட்டு இங்கேயே உட்கார்ந்து இதை எழுதும்போது கோபி சார் போன் அடிக்கிறது. நர்சிங் பெண் ஏதோ அட்டவணையில் எண்ணைத் தப்பாகச் சொல்லித் திருத்திக்கொண்டிருக்கிறாள். மாடிப்படிக்குப் போய் எடுக்கப் போகிறேன். நீக்கமாட்டேன் சார் என்றுதான் சொல்லப்போகிறேன்.