பின்வரிசை டயர்கள்

என் செல்ல மகள் சிட்டுவுக்கு அம்மா எழுதுவது, இங்கே நாங்கள் மூச்சோடும் பேச்சோடும் இருக்கிறோம், அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கத் தைரியம் இல்லை, அதனால் கேட்கவில்லை, நீ நன்றாகத்தான் இருக்கிறாய் என்று நானே எழுதிக்கொள்கிறேன். மீதியைப் படிக்கும் முன் ஒரு காரியம் செய் கண்ணு. உன் பிக்கப் சாவியைக் கொண்டுவந்து, இந்தக் கடிதத்தைத் தருகிற பஸ் டிரைவர் அண்ணன் கையில் கொடுத்துவிடு. ஏன் எதற்கு என்று அவரைப் போட்டுக் குடையாதே, அவருக்கு ஒன்றும் தெரியாது, சாவியை வாங்கிக்கொண்டு வாங்க என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் நாளை வெள்ளிக்கிழமை காலை இங்கே திரும்பி வருவார். சாவி என் கைக்கு வந்தால்தான் நீ இதைப் படித்தாய் என்று நம்புவேன். சனிக்கிழமை நாற்றும் மண் மூட்டையும் ஏற்றிக்கொண்டு, நர்சரி பெண்கள் மூன்று பேரையும் உட்காரவைத்துக்கொண்டு சந்தைக்கு மலை இறங்கப்போகிறாயே, அந்தப் பயணம் வேண்டாம், அந்த வண்டி ஒரு அடி நகரக் கூடாது.

விஷயம் இதுதான். உன் வண்டிக்கு நான் அனுப்பிய நாலு டயரும் புதுசு இல்லையடி. பதினோரு வருஷமாக எங்கள் முதலாளி கடைக் கிடங்கில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவை. ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லையே, அப்புறம் என்ன என்று நீ கேட்பாய், எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள், ஆனால் ரப்பர் உட்கார்ந்த இடத்திலேயே கிழடு தட்டிவிடும், வெளியே தரையைப் பிடிக்கிற பூ பட்டன் பட்டனாக அப்படியே இருக்கும், உள்ளே வறண்டு போயிருக்கும், பாரம் ஏற்றிச் சூடேறினால் ஒரு வளைவில் படீரென்று விட்டுவிடும். நேற்று மத்தியானம் உன் கடிதம் வந்தது, டயர் நாலும் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும்மா, எல்லாரும் தடவித் தடவிப் பாக்கறாங்க என்று எழுதியிருந்தாயே, அதை உன் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டிப் பெருமையாகச் சிரித்தேன். அப்புறம் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் சுருக்கென்றது. புது டயர் எங்கேயடி பளபளக்கும்? புது டயர் சாம்பல் பூத்த மாதிரி மங்கலாக இருக்கும், மேலெல்லாம் சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்கும். பளபளப்பது கருப்பு மை பூசிய டயர். எங்கள் கடையில் அதைப் பூசுகிற கை என் கை. ஈரக் கையோடு செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடினேன், கிடங்கைத் திறந்தேன், உனக்காக நான் பொறுக்கி எடுத்து, யார் கண்ணிலும் படாதபடி உள்பக்கம் சாக்பீஸால் சிட்டு என்று எழுதி முன்வரிசையில் வைத்த நாலு டயரும் அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றாகப் புரட்டி எண்ணிப் பார்த்தேன், நாலும் இருந்தன.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன், மூடி மறைத்தால் இன்னும் பாவம். ஏழு வருஷத்துக்கு முன்னால் கடையில் பழைய சரக்கு தேங்கிப் போய் முதலாளி தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். நான்தான் ஒரு யோசனை சொன்னேன், உள்ளூர்க்காரன் மறுநாளே வந்து சட்டையைப் பிடிப்பான், வெளியூர்க்காரன் பஸ் ஏறி வந்தா சண்டை போடப்போறான், பழசை எல்லாம் வெளியூர்ப் பார்சல்ல தள்ளிடலாம் என்று. முதலாளி அன்றைக்கு என்னை மூளைக்காரி என்றார், எனக்கும் தலைகால் புரியவில்லை. அன்று முதல் எங்கள் கிடங்கில் அது சட்டம், வெளியூர்ப் பார்சல் என்றால் பின்வரிசை. சைடில் விழுந்த மயிரிழை வெடிப்பெல்லாம் தெரியாதபடி துடைத்து, இரண்டு கை மை பூசி, கோணியில் சுற்றி அனுப்புவோம். இப்போது உன் பார்சலுக்கு வருகிறேன். பார்சல் சீட்டில் என் மகள் என்று எழுதியிருந்தால் இத்தனை வினை இல்லை. உன் அக்கா பையன் நீச்சல் பழக ஒரு கிழிந்த டியூபை எடுத்துப் போனதற்கு, கிடங்குக்காரம்மா வீட்டுக்குக் கடையையே தூக்கிட்டுப் போறாங்க என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொன்னாரே, அந்த ரோஷம் எனக்கு. மகளுக்கு என்று தெரிந்தால் சலுகை கேட்கிறேன் என்பார்களே என்று, முழு விலையும் கட்டி, உன் பெயரைப் போடாமல் நர்சரி பெயரையும் ஊரையும் மட்டும் எழுதி வைத்தேன். மறுநாள் உன் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார், நேற்று வரைக்கும் நான் கடைப்பக்கமே போகவில்லை. நான் இல்லாத முதல் வாரத்தில்தான் பார்சல் போயிருக்கிறது. லோடு ஏற்றுகிற அண்ணனிடம் நேற்று கேட்டேன், அந்த மனுஷன் வெள்ளையாகச் சிரித்துக்கொண்டு, நீங்க போட்ட சட்டந்தானேம்மா, அதுலயும் நல்லா மை பூசினதா பாத்துப் பொறுக்கி அனுப்பினேன் என்கிறார். அவரை நான் என்ன சொல்ல? அந்த நாலுக்கும் போன மழைக்காலத்தில் உட்கார்ந்து மை பூசியவள் நான்தானே.

உன் நர்சரி ஆபீசுக்கு நேற்றிலிருந்து மூன்று தடவை போன் போட்டாயிற்று. உன் கைபேசிக்குத்தான் அந்த மலையில் சிக்னல் கிடையாது, அந்த குமாஸ்தாவுக்குக் காதே கிடையாது போலிருக்கிறது. சொல்லிடறேன்மா சொல்லிடறேன்மா என்கிறார், எதைச் சொல்வீங்க, திருப்பிச் சொல்லுங்க என்று கேட்டால், டயர் வந்து சேந்துடுச்சுன்னு சொல்லணும், அதானே என்கிறார். மூன்றாவது தடவை எடுக்கவேயில்லை. நானே இந்தப் பஸ்ஸில் ஏறி வந்துவிடலாம் என்று துணிகூட மாற்றிவிட்டேன், ஆனால் உன் அப்பாவை மாவுக்கட்டோடு கழிவறைக்குப் பிடித்துக்கொண்டு போக ராத்திரிக்கு ஆள் இல்லை, அக்கா நாளைக்குத்தான் வருகிறாள். உன் அப்பாவிடம் மறைக்கலாம் என்றுதான் நினைத்தேன், என் மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். முழுசும் கேட்டுவிட்டு ஒன்றும் திட்டவில்லை, மொதல்ல எழுது, அழறதெல்லாம் பஸ் போனதுக்கப்புறம் அழு என்றார். அதற்கப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் இன்னும் திரும்பவில்லை.

நீயே சரிபார்க்க வேண்டுமானால் சொல்கிறேன், ஆனால் சாவியைக் கொடுத்த பிறகு பார். டயரின் சைடில் ஒரு நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், கடைசி இரண்டு வருஷம். ஒரு பக்கத்தில்தான் இருக்கும், மாட்டியவர் அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளி மாட்டியிருந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் அழுத்தித் தேய், என் மை அத்தனையும் துணிக்கு வந்துவிடும், அடியில் வெடிப்புத் தெரியும். நாலில் ஒன்றாவது நன்றாக இருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொள்கிறது, இருக்காது, நாலும் ஒரே அடுக்கு, எனக்குத் தெரியும். நீ போன சனிக்கிழமையும் அதற்கு முந்தின சனிக்கிழமையும் இதே டயரில் அந்தப் பதினேழு வளைவும் இறங்கி ஏறியிருக்கிறாய் என்று காலண்டரில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அதையே நினைத்துக்கொண்டிருக்காமல் வேறு ஏதாவது பேசிப் பார்க்கிறேன். வண்டியில் அது மாற்றணும் இது மாட்டணும் என்று ஒரு முழம் நீளத்துக்குப் பட்டியல் போட்டிருந்தாயே, அதற்கும் பதில் எழுதுகிறேன். பாடியைத் தூக்கி உயரமாக்க ஆசைப்படாதே, பார்க்க ஜம்மென்று இருக்கும், வளைவில் பாரத்தோடு சாய்ந்தால் அப்போது தெரியும் அந்த ஜம்பம். அகல டயரும் வேண்டாம், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்கார்டில் உரசும், டீசலைக் குடிக்கும், மீட்டரும் வேகத்தைத் தப்பாகக் காட்டும். சேற்று டயர், அந்தப் பெரிய பெரிய பல் வைத்தது, வருஷம் பூரா சேற்றிலேயே கிடக்கிறவனுக்கு, உனக்குப் பாதி தார் பாதி மண், ஈரத் தாரில் அது வழுக்கும், சத்தமும் காதைப் பிளக்கும். இரண்டுக்கும் ஆகிற மாதிரி நடுத்தரமான பல் வைத்ததைத்தான் உனக்கு எடுத்து வைத்திருக்கிறேன், அதுவும் பாரம் தாங்குகிற சைடு உள்ளது. கார் டயரும் அதே ரிம்மில் உட்காரும், விலையும் குறைவு என்று எவனாவது ஆசை காட்டுவான், ஏமாறாதே, மூட்டை ஏற்றினால் தொப்பென்று அமுங்கும். பழைய வண்டி வாங்கியவள் முதலில் பிரேக்கைப் பிரித்துப் பார்க்கணும், பின்னாடி பாரம் தாங்குகிற வில் பட்டையில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கணும், அடியில் தொங்குகிற ஸ்டெப்னியை ஒரு தரம் இறக்கிப் பார்க்கணும், நட்டு துருப்பிடித்திருந்தால் நட்ட நடு ரோட்டில் அழ வேண்டியதுதான். அலங்காரம் செய்யாமல் மனசு கேட்காது என்றால், பின்தொட்டியில் ஒரு தடித்த ரப்பர் பாய் போடு, மூட்டை வழுக்காது, கயிறு கட்ட நாலு கொக்கி வெல்டிங் செய்துகொள், முன் விளக்குக்கு நல்ல பல்பு மாட்டு, போதும். கூரை மேல் ஒரு வரிசை விளக்கு என்று எழுதியிருக்கிறாய், நீ என்ன கல்யாண மண்டபமா ஓட்டுகிறாய்? காற்றை வெயில் ஏறும் முன் பார், எவ்வளவு என்று டிரைவர் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும். இவ்வளவும் தெரிந்த அம்மாதான் உனக்கு எமனைக் கோணியில் சுற்றி அனுப்பியிருக்கிறாள்.

முட்டை வியாபாரி ஒருவர், வெளியூர்தான், போன வருஷம் போன் செய்தார், பின் டயர் வெடித்து வண்டி வாய்க்காலில் இறங்கிவிட்டது, தம்பிக்குத் தோளெலும்பு போய்விட்டது என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? நீங்க அளவுக்கு மேல பாரம் ஏத்தியிருப்பீங்க என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் குரல் நேற்றிலிருந்து காதிலேயே இருக்கிறது. மற்ற யாருமே திரும்பி வந்து சண்டை போட்டதில்லை, ஏழு வருஷத்தில் ஒருத்தர்கூட வரவில்லை, பார்த்தீங்களா என் யோசனையை என்று கடையில் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். ஏன் வரவில்லை என்று நேற்றுத்தான் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். நினைத்த பிறகு கிடங்கில் நிற்க முடியவில்லை, பயமாக இருக்கிறது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள், நான் ஊரான் பிள்ளைக்கு எதை ஊட்டினேன் பார்த்தாயா. இன்று காலையில் பின்வரிசையில் மிச்சம் இருந்ததை எல்லாம் இழுத்துப் போட்டு, கடைசி ஒன்று வரைக்கும் சைடில் ரம்பத்தால் அறுத்துவிட்டேன், லோடு அண்ணன்தான் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார். முதலாளி வந்து பார்த்துவிட்டு, உனக்குப் பைத்தியமாடி புடிச்சிருக்கு, இனிமே கடைப் படி ஏறாதே என்று கத்தினார். வேலை போனால் போகட்டும்.

உனக்குரிய நாலு டயரும் அதனதன் கம்பெனிச் சீட்டோடு என்னிடம் இருக்கின்றன, உன் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டேன். நாளை அக்காவிடம் அப்பாவை ஒப்படைத்துவிட்டு ராத்திரி லாரியில் அதே டயர் மேல் உட்கார்ந்து வருகிறேன், சனிக்கிழமை காலையில் அங்கே இருப்பேன். நீ என்னைத் திட்டு, பேசாமல் இரு, எது வேண்டுமானாலும் செய், நீ இரண்டு காலில் நின்று செய்தால் போதும். அந்த மூன்று பெண்களிடமும் சந்தை ஒரு வாரம் தள்ளிப் போனதற்கு உன் அம்மாதான் காரணம் என்று உள்ளதைச் சொல்லிவிடு. நூறு வருஷம் நீ தலையில் நரையோடு என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம், உன் அப்பாவின் ஆசீர்வாதமும் கூடவே. கழற்றிய பழசை யாருக்கும் கொடுத்துவிடாதே, விறகு வண்டிக்காரர் கேட்டாலும், மாட்டு வண்டிக்கு என்று கேட்டாலும் கொடுக்காதே, அறுத்துப் போட்டுவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா

மறந்துவிட்டேன், இன்னும் ஒன்று. கடையிலிருந்து வரும்போது பார்சல் நோட்டை எடுத்து வந்துவிட்டேன், பின்வரிசை டயர் போன விலாசம் அதில் இன்னும் இருபத்தாறு இருக்கிறது. பஸ் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கிறது, அதற்குள் வழியில் இருக்கிற ஊர்களுக்கு எத்தனை முடியுமோ அத்தனை எழுதிவிடலாம் என்று காகிதத்தை எடுத்து வைத்தேன். உனக்கு என்றால் என் செல்ல மகள் என்று எழுத வந்துவிட்டது. அவர்களுக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.