டால்பட் பிரபுவின் சத்தியமும் என்னுடையதும்

2011 நவம்பர் 20, ஞாயிறு

இங்கிலாந்தில் நர்ஸ் வேலை பார்க்கும் மகள் பிரிஜா கூப்பிட்டாள். லீவுக்குப் பழைய சர்ச் ஒன்றைப் பார்க்கப் போனாளாம். "அப்பா, வாசப்படிக்கு அடியில ஒரு தளபதிக்க இருதயத்தப் புதைச்சி வச்சிருக்காவ. டால்பட்டுண்ணு பேரு. அதத் தாண்டித்தான் உள்ள போணும்."

என் இருதயம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன திருவிழா நாடகத்தில் அதுவும் போகப் பார்த்தது. ஏரோது ராஜாவாக மேடையில் நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் விழுந்தேன். முன்பல் ஒன்றும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கிளாரா என்னை நேரே மாதா பீடத்துக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்கினாள்: "இனி ஆயுசுக்கும் வேஷம் கட்ட மாட்டேன்." பெண்டாட்டிக்கும் மாதாவுக்கும் சேர்த்துச் செய்த சத்தியம். துறைமுகத்தில் மீன் ஏலம் கூறும் என் தொண்டைக்குத்தான் இன்னும் விஷயம் எட்டவில்லை.

நவம்பர் 23

தூக்கம் வரவில்லை. பிரிஜாவிடம் மீதிக் கதையையும் கேட்டுவிட்டேன். டால்பட் காலமெல்லாம் பிரெஞ்சுக்காரனோடு சண்டை போட்டவன். கடைசியில் பிடிபட்டான். 'பிரெஞ்சு ராஜாவுக்கு எதிராக இனிக் கவசம் போட மாட்டேன்' என்று சத்தியம் செய்து வெளியே வந்தானாம். சும்மா இருந்தானா? கிழவன் மறுபடி படை நடத்தப் போனான், கவசம் இல்லாமல்! வெறும் உடுப்போடு பீரங்கிக்கு முன்னால்! குதிரை விழுந்து அதன் அடியில் மாட்டிச் செத்தான். பிணங்களுக்கு நடுவே அவனுடைய தூதன், வாய்க்குள் விரலை விட்டுப் பல் விழுந்த இடத்தைத் தடவித்தான் ஆளை அடையாளம் கண்டானாம்.

எழுந்துபோய்க் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்தேன். கர்த்தரே, இது எனக்கென்றே வந்த பார்ட்.

டிசம்பர் 4

நாடகம் எழுதி முடித்தாச்சு. நாடகக் கமிட்டித் தலைவன் சிலுவைமுத்துவிடம் வாசித்துக் காட்டினேன்.

"டால்பட்டா யாருலேய் நிக்கப்போறது?"

"நாந்தான்."

"ஏசுஅடிமை, உனக்கு வேஷம் கெட்டப்பிடாதுல்லா? கிளாரா மைனி என்னக் கொன்னுபோடுவா."

"வேஷம் எதுக்குலேய்? டால்பட்டுக்குக் கவசமே கெடையாது. நான் வேட்டி சட்டையோட வந்து நிப்பேன். சத்தியமும் நிக்கும், நாடகமும் நிக்கும்."

சிலுவைமுத்து தலையில் கை வைத்தான். "மாதாவுக்கே தண்ணி காட்டுதியே மக்கா."

பாராட்டென்று எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 11

கிளாராவிடம் 'வசனம் சொல்லிக்கொடுக்கப் போகிறேன்' என்று பொய். கால் ஓரிடத்தில் நிற்கமாட்டேன் என்கிறது. இன்று ஏலத்தில், "என் வீரர்களே, இந்தச் சாளைக்கு விலை கூறுங்கள்!" என்று வாய் தவறிக் கத்திவிட்டேன். மீன் வாங்க வந்த நேசம்மாள், "இவனுக்கு மண்ட கொழம்பிப்போச்சு டோய்" என்றாள். நான் வீடு சேரும் முன் செய்தி வீடு சேர்ந்திருக்கும். கிளாரா ஒன்றும் கேட்கவில்லை. மீன்குழம்பை இரண்டாம் முறையும் ஊற்றினாள். கேட்காததுதான் பயமாக இருக்கிறது.

டிசம்பர் 12

படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குழம்பில் புளி ஜாஸ்தி — அதுதான்.

2012 ஜனவரி 13

கிளாராவுக்குத் தெரிந்துவிட்டது. "வேஷம் இல்லட்டி, வெறும் சட்டையோடத்தான்" என்றேன்.

"ஓகோ. மாதாவுக்கு அவ்வளவு வெவரம் பத்தாதுண்ணு நெனச்சியளோ?"

"டால்பட்டும் இப்பிடித்தான்—"

"அந்தக் கெழவன் பின்ன என்ன ஆனான்?"

நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

"சொல்லுங்க."

"செத்துப்போனான்."

எழுந்துபோய்ப் பாத்திரங்களைக் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நின்றிருப்பேனா? நின்றிருப்பேன்.

பொய். நின்றிருக்க மாட்டேன்.

ஜனவரி 20, செபஸ்தியார் திருவிழா

இன்னும் கொஞ்ச நேரத்தில் நாடகம். பிரெஞ்சுப் படை வாடகைக் கவசத்தில் மின்னுகிறது. நான் வேட்டி சட்டையில், பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றவன் மாதிரி நிற்கிறேன். நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது. பயம்தான். கிளாரா முதல் வரிசையில் இருக்கிறாளாம்.

ஜனவரி 24, ஆஸ்பத்திரி

எழுதிவிட வேண்டும்.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். சத்தியம் செய்யும் காட்சியில் அடங்கினார்கள். அட்டைக் குதிரை விழுந்தது, நானும் விழுந்தேன். விழுந்த பிறகுதான் தெரிந்தது, வலி நாடகத்துடையது இல்லை. கையைத் தூக்க முடியவில்லை. "ஏசுஅடிமைக்க சாவப் பாருலேய், அப்பிடியே செத்தவன் மாதிரியே கெடக்கான்!" என்று விசில். கூப்பிட நினைத்தேன், குரல் எழவில்லை. ஏலக்காரன் குரல்! தூதனாக வந்த சிலுவைமுத்து ஒவ்வொரு பிணமாகத் தேடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தான். நீளமான பாட்டு. எழுதினவனை நான் அன்று சபித்த மாதிரி யாரும் சபித்திருக்க மாட்டார்கள்.

அப்போது கிளாரா மேடையில் ஏறினாள். சிலுவைமுத்துவை ஒரே தள்ளு. மண்டியிட்டு என் வாயைத் திறந்து விரலை உள்ளே விட்டாள். நாக்குக்கு அடியில் மாத்திரை. முந்தானையில் முடிந்துகொண்டுதான் முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள், பாவி மகள்.

சனம் இதைத் தூதன் காட்சி என்றே நினைத்துவிட்டது. 'இவரே எம் பிரபு' என்பது தூதனுக்கு நான் எழுதிய வசனம். அவள் சொன்னது: "இது எனக்க ஆளாக்கும். நிண்ணு பாக்கியளேலேய், தூக்குங்க!"

ஊரே அழுததாம்.

ஜனவரி 29

புதுச் சத்தியம். கிளாரா சொல்லச் சொல்ல நான் சொன்னேன்: "வேஷத்தோடயோ வேஷம் இல்லாமலோ, சட்டையோடயோ சட்டை இல்லாமலோ, நிண்ணோ கெடந்தோ..." எந்த வக்கீலும் ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

டிசம்பர் 2

கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். சிலுவைமுத்து என் பக்கமே திரும்பவில்லை. "மைனி, இந்த வருசம் நீங்க ஒரு பார்ட் எடுக்கணும். ஊரே கேக்குது."

"போவும் அந்தால" என்று விரட்டிவிட்டு அடுக்களைக்குள் போனாள். கொஞ்சம் கழித்து உள்ளேயிருந்து குரல்: "எத்தன வசனம் இருக்கும்?"

2013 ஜனவரி 20

கிளாரா ராணி. கிரீடம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மேடைக்கு வந்ததும் வசனத்தை விட்டுவிட்டு முதல் வரிசையில் என்னைத் தேடினாள். நான் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினேன். மாத்திரை இருக்கிறது.

அதன் பிறகுதான் வாயைத் திறந்தாள்.