மாமாவின் கண்ணுக்குள் ஒரு துகள்

கவரைப்பேட்டை,
9.3.2007

அன்புத் தம்பி ஜோசப்புக்கு, அக்கா ஜெனிபர் எழுதுவது. ஷார்ஜாவில் நீ சுகமாக இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லிவிட இரண்டு முறை முயன்றேன். உன் குரலைக் கேட்டதும், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

உன் மாமாவுக்குப் போன மாதம் இரும்புப் பட்டறை ஷெட்டில் வேலை செய்யும்போதே வலிப்பு வந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த கிரைண்டர் கைதவறி விழுந்தது. நல்ல வேளை, காலில் படவில்லை. சென்னையில் சி.டி. ஸ்கேன் எடுத்ததில் மூளையில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி. புற்றாகவும் இருக்கலாம், டி.பி. கட்டியாகவும் இருக்கலாம், படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது என்றார் டாக்டர்.

அதைக் கண்டுபிடிக்க எம்.ஆர்.ஐ. மெஷினிலேயே ஒரு சோதனை இருக்கிறதாம். மூளையில் எந்த இடத்தில் எந்த ரசாயனம் எவ்வளவு என்று வரைபடம் மாதிரி காட்டுமாம். புற்று என்றால் ஏதோ ஒரு ரசாயனம் ஏறியிருக்கும், டி.பி. என்றால் கொழுப்பு மட்டும் தூக்கலாகத் தெரியும். டி.பி. மாத்திரையிலேயே கரைந்துவிடுமாம். மண்டையைத் திறக்காமலே தெரிந்துவிடும் என்றதும்தான் எனக்கு உயிர் வந்தது.

உடம்பில் இரும்பு ஏதாவது உண்டா என்று படிவத்தில் கேட்டிருந்தார்கள். மாமா இல்லை என்று எழுதிவிட்டார். கண்ணில் விழுந்த இரும்புத் தூளை எப்போதோ எடுத்தாயிற்றே என்ற நினைப்பு. உள்ளே கூப்பிட்ட பெண், இது பெரிய காந்தம், பயப்படாதீங்க என்று சொல்ல, இவர் சிரித்துக்கொண்டே, "காந்தத்துக்கு இன்னா பயம்மா? ஷெட்டுல கண்ணுல தூள் பூந்தா ஸ்பீக்கர் காந்தத்த வெச்சிதான் எடுத்துக்கினு இருக்கோம். மிச்சம் இருந்தா இதுவும் இழுத்துடும்" என்றார். அந்தப் பெண் அவரை அப்படியே வெளியே கூட்டிவந்துவிட்டாள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் வலது கண்ணுக்குள் ஒரு இரும்புத் துகள். மெஷினுக்குள் போயிருந்தால் அது நகர்ந்து கண்ணையே கிழித்திருக்குமாம்.

துகளை எடுக்காமல் அந்தச் சோதனை கிடையாது. சோதனை இல்லாவிட்டால் மண்டையில் துளை போட்டுத்தான் பார்க்க வேண்டும். கண் ஆபரேஷனுக்கு 26ஆம் தேதி கொடுத்திருக்கிறார்கள், ஆனால் பார்வை தங்கும் என்று உறுதி சொல்லவில்லை. மாமா இரண்டுக்கும் ஒப்பவில்லை. "ஒத்தக் கண்ணனுக்கு எவன் வேல குடுப்பான்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். மறுபடி வலிப்பு வந்துவிடுமோ என்று, அவர் குளிக்கும்போதுகூட நான் கதவுக்கு வெளியே நிற்கிறேன். பயமாக இருக்கிறது ஜோசப். ரொம்பப் பயமாக இருக்கிறது.

இது எப்போது கண்ணில் போனது என்று டாக்டர் கேட்டார். நாலு வருஷம் இருக்கும், நானேதான் காந்தம் வைத்து எடுத்துக்கொண்டேன் என்றார் மாமா. அன்றைக்குக் காந்தம் வைத்தது யார், "முழுசா வந்துடுச்சி மாமா" என்று சொன்னது யார் என்பது நம் மூவருக்கும் தெரியும். உன் பெயரை அவர் எடுக்கவே இல்லை. உனக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியமும் வாங்கினார். அதை மீறித்தான் எழுதுகிறேன். நீ சொன்னால் கேட்பார். கடிதம் கிடைத்த அன்றே போன் செய்து, ஆபரேஷனுக்கு ஒத்துக்கொள்ளச் சொல். போனில் அழுதுவிடாதே, அவர் தாங்கமாட்டார்.

அங்கே யாராவது காந்தத்தை எடுத்துக்கொண்டு வந்தால் முகத்துக்குக் கிட்டே விடாதே. கர்த்தர் உன் இரண்டு கண்களையும் காப்பாராக.

உன்மேல் கோபம் இல்லாத அக்கா,
ஜெனிபர்