ஸ்டூல் கிரீச்சிடும் இசைத்தட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அதில் பாதிதான் உண்மை, மீதியைப் பிறகு சொல்கிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா கண்ணு, தூங்குகிறாயா. மூன்று வாரமாக உன் ஃபோன் இல்லை. உன் அண்ணன் மாடி அறைக்கு வெள்ளையடிக்கிறேன் பேர்வழி என்று உன் புத்தகங்களைத் தலைகீழாக அடுக்கி வைத்திருக்கிறான், வந்து நீயே சண்டை போட்டுக்கொள்.

நீ உடனே ஒரு பியானோ இசைத்தட்டு வாங்க வேண்டும். கம்பெனி பெயரைத் தனிச் சீட்டில் எழுதி உறைக்குள் வைத்திருக்கிறேன். மூன்றே பேர் நடத்தும் சின்னக் கம்பெனி, ஃபோன் செய்தால் முதலாளியே எடுப்பார், பொட்டலமும் அவரே கட்டுவார். முப்பத்தாறு வருஷமாகப் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பவன் சொல்கிறேன், இவ்வளவு சுத்தமான ஒலிப்பதிவை நான் கேட்டதில்லை. ஒரே அறை, இரண்டே மைக், வெட்டு ஒட்டு கிடையாது. இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது உருப்படி தொடங்குமுன் வாசிப்பவர் ஸ்டூலில் நகர்ந்து உட்காருவார், அது மெல்லக் கிரீச்சிடும். வேறு யாராயிருந்தாலும் அழித்திருப்பார்கள், இவர்கள் விட்டுவைத்தார்கள். தினமும் காலையில் அந்தக் கிரீச்சைக் கேட்டுவிட்டுத்தான் நான் கருவிப் பையைத் தூக்குவேன்.

இரண்டு மாதம் முன்பு ஒருநாள் அது கேட்கவில்லை. புது ஊசி போட்டேன், வயரை மாற்றினேன், தட்டுதான் கெட்டுவிட்டது என்று அந்த முதலாளியிடம் ஃபோனில் தாம்தூம் என்று குதித்தேன். பாவம், நல்ல மனிதர், வேறு தட்டு அனுப்பிவைத்தார். அதிலும் இல்லை. சத்தத்தைக் கூட்டி ஸ்பீக்கரோடு காதை ஒட்டிக்கொண்டு கிடந்தேன். அப்போது உன் அம்மா கையைத் துடைத்துக்கொண்டே என் முகத்துக்கு நேரே வந்து நின்று, "அந்த ஸ்டூலுக்கு யாராவது ஒரு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா, அடுப்படி வரைக்கும் கிரீச்சுங்குது" என்றாள். ஆமாம் ஆமாம் என்று சிரித்து வைத்தேன்.

அவளுக்குத் தெரியாமல் காது டாக்டரிடம் போனேன். இரண்டு காதும் இறங்கிக்கொண்டே போகிறதாம், மேல் சுரங்கள் முதலில், பிறகு பேச்சு, போனது திரும்பாதாம். நான் சுருதி சேர்த்த பியானோவில் மேல்கட்டைகள் சேரவில்லை என்று பள்ளிக்கூடத்து இசை டீச்சரும் வேறு ஆளைக் கூப்பிட்டுவிட்டார். போகட்டும். இது பிள்ளைகளுக்கும் வரலாம் என்றார் டாக்டர், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் அந்தத் தட்டை வாங்கு என்கிறேன், மற்ற கம்பெனித் தட்டுகளில் இவ்வளவு மெல்லிய சத்தம் பிழைத்திருக்காது. தினமும் ஒருமுறை கேள், கேட்காத அன்றைக்கு என்னைப் போல ஊசியை மாற்றிக்கொண்டிராமல் டாக்டரிடம் ஓடு. அண்ணனுக்கும் ஒன்று வாங்கிவிட்டேன், ஏன் என்று சொல்லத்தான் தைரியம் இல்லை.

இனி அந்த மீதி. மூன்று வாரம் முன்பு கடைசியாக நீ ஃபோனில் பேசியது எனக்கு வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. ஏதோ ஆபீஸ் கதை என்று நினைத்து, நல்லது நல்லது என்று சொல்லிச் சிரித்தேன். நீ வைத்துவிட்டாய். பிறகு உன்னிடம் பேசிவிட்டு வந்த அம்மா, "வயித்துல குழந்தை தங்கலைன்னு அழுதாளே, அதுக்கா சிரிச்சீங்க, நீங்கல்லாம் ஒரு அப்பாவா" என்று கேட்டாள். கேட்கவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செவிடன் என்பதைவிடக் கல்நெஞ்சன் என்று பேர் வாங்குவது அந்த நேரத்தில் லேசாக இருந்தது. இன்று இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்து அவளிடமும் சொல்லிவிடுவேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் துணையாக நன்றாக இருக்க வேண்டும், என் ஆசி எப்போதும் உண்டு. ஃபோன் செய்யாதே, எழுது. அன்று சொன்னதை முதலிலிருந்து, ஒன்று விடாமல் எழுது கண்ணு. இந்த முறை சிரிக்க மாட்டேன்.

உன் அப்பா