சிவப்பு மீன் கரைந்த வெள்ளிக்கிழமை

என் ஆசை அப்பாவுக்கு,

அம்மா இப்போதுதான் கண்ணயர்ந்தார். அறையில் விளக்கைப் போட்டால் விழித்துவிடுவார் என்று குசினியில் அடுப்பருகே இருந்து எழுதுகிறேன். பயமாக இருக்கிறது அப்பா. உங்களைத் தவிர யாரிடம் சொல்ல?

நீங்கள் வேலை செய்த, பொலிதேயாமாச் சதுக்கத்துச் சின்யோரா அம்மாவின் வீட்டு நடையில் தொங்கும் யப்பான் மீன் படங்கள் நினைவிருக்கிறதா? மரப்பலகையில் செதுக்கி, சாயம் பூசி, தாளில் ஒற்றி எடுத்தவை என்று அவர் சொன்னபோது நீங்கள் என் காதில், "பலகை கிடக்கட்டும் பிள்ளை, இது எங்கட விளைமீனெல்லே. குழம்பு வைச்சால் திறம்" என்றீர்கள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினேன்.

நீங்கள் காட்டிய அந்தச் சிவப்பு மீன் இப்போது இல்லை.

நீங்கள் இறந்தபின் அந்த வீட்டில் அம்மாதான் வேலை செய்கிறார். சின்யோரா வெளியூர் போயிருந்த வெள்ளிக்கிழமை, மீன் படத்தின் கண்ணாடிக்குள் பூஞ்சணம் படர்ந்திருந்ததாம். எங்கள் சாமிப் படங்களுக்குச் செய்வதுபோலவே சட்டத்தைக் கழற்றி, படத்தையும் ஈரத் துணியால் துடைத்திருக்கிறார். எங்கள் முருகன் கலண்டரில் வெட்டியெடுத்தவர், தண்ணீருக்கு அசையமாட்டார். இந்தத் தாளிலோ சிவப்பு செதிலை விட்டு ஓடி, கடலெல்லாம் பரவிவிட்டது.

"சின்யோராவிட்டை வெயில் பட்டு மங்கினதெண்டு சொல்லு. உனக்குத்தானே அவையின்ரை பாஷை வரும்."

"அந்த நடைக்கு யன்னலே இல்லை அம்மா. வெயில் படக்கூடாதெண்டுதானே அங்கை மாட்டினவ."

"அப்ப என்னடி செய்யிறது? வேலையால நிப்பாட்டினால் பெர்மெசோவுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது?"

சின்யோராவின் அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க மாட்டார்களாம். திருப்பி அனுப்பிவிடுவார்களா? ஊரில் குண்டு விழுகிறது. உங்களை இங்கே விட்டுவிட்டு நாங்கள் எப்படிப் போவது? கீழே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றாலும் பொலிஸ் வந்துவிட்டதென்று யன்னலால் எட்டிப் பார்க்கிறேன்.

சின்யோரா நாளைக் காலை வருகிறார். பொய் சொன்னால் என் முகமே காட்டிக்கொடுத்துவிடும். உண்மையைச் சொன்னால்? அவரும் கட்டில் தலைமாட்டில் மாதா படம் வைத்திருக்கிறார். அம்மா அந்த மீனைச் சாமியைத் துடைப்பதுபோலத்தான் துடைத்தார் என்றால் விளங்கிக்கொள்வாரா? கத்துவாரா?

தெரியாது. ஆனாலும் அவர் பார்ப்பதற்கு முன்பே, கதவடியில் வைத்தே சொல்லிவிடுவேன் அப்பா. குரல் நடுங்கினாலும் பாதியில் நிறுத்தமாட்டேன். அம்மாவை என் முதுகுக்குப் பின்னால் ஒளிய விடமாட்டேன். பக்கத்தில் நிறுத்தி, கையைப் பிடித்துக்கொண்டு சொல்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அம்மாவை இனிப் பார்த்துக்கொள்ளப்போகும்,
உங்கள் பிள்ளை